அந்த அடி டிராயரை மூடியது நான்தான்

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் உள்ளலங்காரம் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு நிறுவனத்தின் பெயரைக் கேட்டதும் மக்கள் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்று அதன் முதலாளி ஆசைப்படுகிறாரோ, அதைச் சுவரிலும் தரையிலும் விளக்கிலும் கொண்டுவந்து காட்டுவேன். பிராண்டை இடமாக மாற்றுவது என்று எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. விருது கிடைத்திருக்கிறது. கல்லூரிகளில் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள்.

அந்தப் பெயரில் பெரும்பங்கு ஒரு பட்டுச்சேலை ஷோரூமால் வந்தது. ஐந்து மாடிக் கடை. 2017 தீபாவளிக்கு முன்னால் திறந்தார்கள். அங்கே சேலை எடுத்துப்போடும் பெண்கள், காலையில் வந்ததிலிருந்து இரவு கடை சாத்தும்வரை நின்றபடியே இருக்கிறார்கள். அவர்கள் உட்கார இடமில்லாமல் போனதற்கு முதலாளி காரணமில்லை, மேனேஜர் காரணமில்லை. நான் காரணம். இத்தனை வருடம் இதை வேறு விதமாகச் சொல்லிவந்தேன். "முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை, நான் என்ன செய்ய?" என்று நண்பர்களிடமும் மாணவர்களிடமும் சொன்னேன். அது பொய். முதலாளியிடம் அந்தப் பேச்சே போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் செய்ததற்கு அவர்கள் பெயரை இழுப்பது நியாயமில்லை.

தாத்தா தொடங்கிய வியாபாரம் அது. பேரன் பொறுப்புக்கு வந்ததும் புதுக்கடை கட்ட ஆசைப்பட்டார். முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொன்னார்: "தாத்தா காலத்துல கடைக்கு வந்தவங்களுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு சார். அது இப்பவும் இங்க இருக்குன்னு உள்ள நுழைஞ்சதும் தெரியணும்." பழைய கடையின் ஒரு புகைப்படத்தையும் கொடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு மேடை, மேடைமேல் மெத்தை, மெத்தையில் வெள்ளை விரிப்பு. தாத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரில் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்த குடும்பம், அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் விரித்துப் போட்ட ஒரு சேலை. பின்னால் மடித்த சேலைகளை எடுத்துக்கொடுக்கும் பையன்கூட மெத்தையின் ஓரத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறான்.

அந்தக் காலத்துப் பட்டுக்கடைகள் பலவும் அப்படித்தான் இருந்தன. காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுக்கே போய்ச் சேலை எடுக்கிறவர்கள் இன்றைக்கும் பாயில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள். சேலை மடியில் விழும், முந்தியைக் கையில் வாங்கிப் பார்க்கலாம், விற்கிறவர் முகமும் வாங்குகிறவர் முகமும் நேருக்கு நேர் இருக்கும். கவுன்டர் வந்த பிறகு வாங்குகிறவருக்கு நாற்காலி போட்டார்கள். விற்கிறவர் எழுந்து நின்றார்.

நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தரைத்தளத்தின் பின்சுவர் முழுக்க ஒட்டினேன். கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது அதுதான். அந்தச் சுவரின் அடியில்தான் பிரதான கவுன்டர். பிராண்டின் நிறத்தில் சேலை கட்டிய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். அந்தச் சுவரைப் பற்றி மேடைகளில் விளக்கிப் பேசியிருக்கிறேன். பாரம்பரியம், மரியாதை, தலைமுறைத் தொடர்ச்சி என்றெல்லாம் சொன்னேன். படத்தில் விற்பவர் உட்கார்ந்திருக்கிறார், படத்துக்குக் கீழே விற்பவர்கள் நிற்கிறார்கள் என்பது என் கண்ணில் படவில்லை என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. பட்டது. பட்டும் பேசினேன்.

அந்தக் கடையில் நான் எதற்கெல்லாம் மெனக்கெட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். எதற்கு மெனக்கெடவில்லை என்பது அப்போதுதான் விளங்கும்.

விளக்குக்கு மெனக்கெட்டேன். பட்டுக்கு விளக்கு அமைவது சாதாரண விஷயமில்லை. வெள்ளை கூடினால் அரக்கு வெளுத்துப்போகும், மஞ்சள் கூடினால் ஊதா மங்கிப்போகும். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் திறனை சிஆர்ஐ என்ற எண்ணால் அளப்பார்கள், உச்சம் 100. 90க்குக் குறைந்த விளக்கை உள்ளே விடமாட்டேன் என்று சப்ளையரிடம் சண்டை போட்டேன். ஜரிகைக்கு 3000 கெல்வின் வெளிச்சம் ஒரு பக்கச் சாய்வில் விழ வேண்டும் என்று ராத்திரியில் சைட்டில் நின்று ஒவ்வொரு விளக்காகத் திருப்பிப் பார்த்தேன். வாங்குகிறவர் உட்காரும் நாற்காலிக்கு ஐந்தாறு மாதிரி செய்ய வைத்தேன். பட்டுச்சேலை கட்டிவரும் வயதான அம்மாக்கள் கைப்பிடியில் ஊன்றி எழுந்திருக்க வேண்டும், அதற்கு உயரம் என்ன, குஷன் எவ்வளவு இறுக்கம் என்று ஆளை உட்காரவைத்துப் பார்த்தேன். உட்காரும் உடம்புக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இனி கவுன்டர். அதன் உயரம் இரண்டரை அடி. நாம் எழுதுகிற மேசையின் உயரம்தான். உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளருக்காக வைத்த உயரம் அது. எதிர்ப்பக்கம் நிற்கிற பெண் அந்த உயரத்தில் சேலையை விரிக்க வேண்டும் என்றால் இடுப்பை வளைக்க வேண்டும். ஒரு கல்யாணக் குடும்பம் வந்தால் அறுபது எழுபது சேலை விரிப்பார்கள். விரித்தது அத்தனையையும் மடிப்பு கலையாமல் திருப்பி மடிக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை குனிந்து நிமிர வேண்டும்.

என் அலுவலகத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்தான் கவுன்டரின் குறுக்குவெட்டுப் படத்தை வரைந்தாள். கல்லூரியை முடித்துவிட்டு நேரே வந்தவள். அவள் வரைந்த படத்தில், கவுன்டரின் உள்பக்கம் முழங்கால் நுழைய ஓரடி ஆழத்துக்குக் காலியிடம் விட்டிருந்தாள். பின்னால் இருக்கும் ரேக்கின் அடித்தட்டில் கீல் வைத்து ஒரு மடக்குப் பலகை. கீழே இழுத்தால் இருக்கை, மேலே தள்ளினால் ரேக்கோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கேற்ப, கவுன்டருக்கும் ரேக்குக்கும் நடுவே பெண்கள் நிற்கும் சந்தின் அகலம் மூன்றடி. நல்ல படம். இன்றைக்கும் அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது.

சிவப்புப் பேனாவால் முழங்கால் இடத்தை அடித்தேன். அங்கே மூன்று அடுக்கு டிராயர் வரட்டும், ஸ்டாக் வைக்க இடம் கிடைக்கும் என்று எழுதினேன். மடக்குப் பலகையையும் அடித்தேன். சந்தை இரண்டேகால் அடியாகக் குறைத்தேன். மிச்சமான இடம் வாடிக்கையாளர் பக்கம் போனது. அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சார், அப்ப அவங்க எப்ப உக்காருவாங்க?"

"அது கடைக்காரங்க பிரச்சினைம்மா. நம்ம வேலை டிசைன்" என்றேன்.

ஏன் அடித்தேன்? இடம் மிச்சம் என்பது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் படத்தின் அழகு. கடையின் ஒரு கோடியில் நின்று பார்த்தால் கவுன்டருக்குப் பின்னால் பெண்கள் ஒரே உயரத்தில், ஒரே நிறச் சேலையில், கை கூப்பியபடி நிற்க வேண்டும். அதைத்தான் பிராண்ட் என்று முதலாளிக்குப் போட்டுக்காட்டும் படங்களில் காட்டியிருந்தேன். யாராவது ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் அந்த வரிசையில் பல் விழுந்ததுபோல ஆகும் என்று எனக்குத் தோன்றியது. முதலாளியிடம் திருத்திய படத்தை மட்டும்தான் கொடுத்தேன். முந்தைய படத்தைப் பார்த்திருந்தால் அவர் சரி என்று சொல்லவும் வாய்ப்பிருந்தது. அந்த வாய்ப்பை நான் அவருக்கும் கொடுக்கவில்லை, அந்தப் பெண்களுக்கும் கொடுக்கவில்லை.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தது. ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை ஊழியர்கள் நின்றே தேய்வதைத் தமிழ்நாடே திரையில் பார்த்தது. நானும் தியேட்டரில் பார்த்துக் கண் கலங்கினேன். வெளியே வந்து நண்பர்களிடம் அந்தக் கடைமுதலாளிகளைத் திட்டினேன். ஏழு வருடம் கழித்து அதே சந்தை நானே வரைந்தேன்.

படிப்பு போதாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. பிராண்டும் பணியிடமும் பற்றிப் பாடம் நடத்துகிறவன் நான். பெர்லினில் ஏஇஜி என்ற மின்கருவி நிறுவனம் 1907இல் பீட்டர் பெரன்ஸைக் கலை ஆலோசகராக அமர்த்தியதிலிருந்து தொடங்குவேன். லோகோ, விளம்பரத் தாள், மின்கெட்டில், 1909இல் கட்டிய டர்பைன் தொழிற்சாலை, எல்லாவற்றுக்கும் ஒரே கை. அங்கிருந்து அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் ஊருக்குப் போவேன். ஜான்சன் வேக்ஸ் நிறுவனத்துக்கு ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய அலுவலகம், திறந்தது 1939. அடியில் மெலிந்து உச்சியில் தாமரையிலைபோல் விரியும் தூண்கள். அவை பாரம் தாங்குமா என்று அதிகாரிகள் சந்தேகப்பட, 12 டன் தாங்க வேண்டிய தூணின் தலையில் 60 டன் ஏற்றிக் காட்டினார் ரைட். இந்தக் கதையைச் சொன்னால் மாணவர்கள் கை தட்டுவார்கள்.

அதே கட்டடத்தில் தட்டெழுத்தர்களுக்கு ரைட் மூன்று கால் நாற்காலி செய்தார். இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தால் நிற்கும். கொஞ்சம் சாய்ந்தால் ஆளோடு கவிழும். கட்டடத்தின் அழகுக்கு ஏற்றபடி மனுஷி உட்கார வேண்டும் என்று எதிர்பார்த்த நாற்காலி அது. பிறகு நாலாவது கால் வைத்தார்கள். அதில் ஒருமுறை ரைட்டே விழுந்த பிறகுதான் ஒத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். இந்தப் பகுதியை வகுப்பில் நான் வேகமாகக் கடந்துபோவேன்.

என் பாடத்தில் கடைசியாக வருவது ஒலிவெட்டி. வடக்கு இத்தாலியில் இவ்ரேயா என்ற சிற்றூரில் தட்டச்சு இயந்திரம் செய்த நிறுவனம். அந்த ஊரின் தொழில்நகரப் பகுதியை 2018இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே அட்ரியானோ ஒலிவெட்டி தொழிலாளர்களுக்கு நூலகமும், அவர்கள் பிள்ளைகளுக்குக் காப்பகமும், குடியிருப்பும் கட்டினார். 1950இல் வந்த லெட்டெரா 22 என்ற தட்டச்சு இயந்திரத்தை இன்றும் வடிவமைப்பு மாணவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். ஒலிவெட்டியைப் பற்றி நான் காட்டும் படங்களில் சுவரொட்டி இருந்தது, கண்ணாடிச் சுவர் இருந்தது, ஷோரூம் இருந்தது. குழந்தைகள் காப்பகத்தின் படம் ஒன்றுகூட இருந்ததில்லை. பிராண்ட் என்றால் வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குத் தெரிவது என்றே நான் நம்பினேன், அப்படியே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நிறுவனம் தன்னிடம் வேலை பார்க்கிறவர் உடம்பை எப்படி வைத்துக்கொள்கிறதோ அதுதான் அந்த நிறுவனம் என்று ஒலிவெட்டிக்குத் தெரிந்திருந்தது. நான் அந்தப் பாடத்தை நடத்தினேனே தவிர, படிக்கவில்லை.

இதுவரை சொன்னது முதல் தப்பு. இரண்டாவது தப்பு இதைவிடப் பெரிது.

கடை திறந்து ஒரு தீபாவளியும் பொங்கலும் போன பிறகு, மேனேஜர் போன் செய்தார். கவுன்டரின் அடி டிராயர்கள் அடிக்கடி உடைகின்றன, சேனல் வளைந்துபோகிறது, தரமில்லாத பொருளைப் போட்டுவிட்டீர்கள் என்று கோபமாகப் பேசினார். மூன்று அடுக்கில் மேல் இரண்டும் நன்றாக இருந்தன. அடியில் இருப்பதுதான் உடைந்தது. எல்லாத் தளத்திலும் அதே கதை. நான் எங்கள் ஆசாரியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். 45 கிலோ தாங்கும் டெலஸ்கோப்பிக் சேனல் போடச் சொன்னேனே, மலிவானதைப் போட்டு ஏமாற்றினாயா என்று கேட்டேன். அவர் என்னைவிட வயதில் பெரியவர். பதில் பேசவில்லை. அடுத்த நாள் சைட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"சார், சேனல்ல கோளாறு இல்ல. புள்ளைங்க அதுல உக்காருதுங்க."

நான் நேரில் போனேன். கடை திறக்கும் முன், காலையில். முதல் தளத்துக் கவுன்டரின் உள்ளே நுழைந்து குந்தி உட்கார்ந்து பார்த்தேன். அடி டிராயரை முக்கால்வாசி இழுத்து, அதன்மேல் சேலைப்பெட்டியின் அட்டையை இரண்டாக மடித்துப் போட்டிருந்தார்கள். அட்டை நடுவில் குழிந்து, ஓரம் மெழுகு பூசியதுபோல் வழவழத்திருந்தது. தரையிலிருந்து அதன் உயரம் ஒரு ஜாண்கூடத் தேறாது. அந்த உயரத்தில், இரண்டேகால் அடிச் சந்தில், முழங்காலைத் தாடைவரை மடக்கினால்தான் ஒரு பெண் உட்கார முடியும். ஒருத்தி உட்காரும்போது பக்கத்தில் இருப்பவள் முன்னால் நின்று மறைத்துக்கொள்வாளாம். ஐந்து நிமிடம், பிறகு முறை மாறும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கூரையில் இருக்கும் கேமராவுக்கு கவுன்டரின் உள்பக்கம் தெரிய வேண்டும் என்று ரேக்கின் உயரத்தைக் குறைத்துக்கொடுத்தவன் நான். கேமராவின் கண்ணுக்கு எட்டாத ஒரே இடம் அந்த அடி டிராயர்தான்.

அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தப் பெண்கள் என் படத்தைத் தங்கள் கையால் திருத்தியிருந்தார்கள். நான் அடித்த இருக்கையை, நான் கொடுத்த டிராயரில் திரும்ப வரைந்திருந்தார்கள். அப்போதே அலுவலகத்துக்குத் திரும்பி அந்தப் பழைய தாளை எடுத்து, டிராயரைக் கழற்றிவிட்டு முழங்கால் இடத்தைத் திறந்துகொடுத்திருக்கலாம். ஆசாரிக்கு அது பெரிய வேலையே இல்லை.

நான் செய்தது வேறு. என் பொருளில் குறையில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. மேனேஜருக்குக் கடிதம் எழுதினேன். 'ஊழியர்கள் டிராயரைத் தவறாகப் பயன்படுத்துவதால் சேதம் ஏற்படுகிறது' என்று எழுதினேன். தீர்வாக, அடி டிராயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நேர்க்கதவு போடலாம் என்று யோசனை சொன்னேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார். எல்லாத் தளத்திலும் மைக்கா ஒட்டிய கதவு போட்டோம். கதவில் உட்கார முடியாது. அதற்குப் பிறகு புகார் எதுவும் வரவில்லை. கதவு போட்டதற்கு பில் கொடுத்து, பணமும் வாங்கிக்கொண்டேன்.

என் கடிதம் போன பிறகு சில பெண்களுக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்தார்களாம். ஆசாரிதான் வந்து சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி சிறிது நேரம் நின்றார். எத்தனை பேருக்கு, எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அடுத்த சைட்டின் அளவைப் பற்றிப் பேச்சை மாற்றினேன்.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதில் 22-ஏ என்று புதிதாக ஒரு பிரிவு. எல்லாக் கடைகளிலும் எல்லா ஊழியர்களுக்கும் உட்காரத் தகுந்த ஏற்பாடு இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள முடிய வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளத்தில் 2018லேயே இப்படிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே அது தானாக வரவில்லை. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண்ணும் அவர் தொடங்கிய பெண்கூட்டு அமைப்பும் வருடக்கணக்கில் போராடி வாங்கியது. இங்கிலாந்தில் 1899லேயே சட்டம் போட்டார்கள், கடையில் வேலை பார்க்கும் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று. அந்தப் பெண்கள் கேட்டது பஞ்சணையோ ஏசி அறையோ இல்லை. ஆள் இல்லாத நேரத்தில் உட்கார ஒரு பலகை. அதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது என்றால், அந்தப் பலகையைப் படத்திலிருந்து அடித்த என்னைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும்!

சட்டம் வந்ததும் அந்த நிறுவனம் என்னைத்தான் கூப்பிட்டது. ஆய்வாளர் வந்தால் காட்ட ஏற்பாடு வேண்டும் என்றார்கள். அளவெடுக்கப் போனேன். இரண்டாவது தளத்தில், நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் கவுன்டரில் இருந்தார். கணுக்காலுக்கு மேலே நரம்புகள் நீலமாகப் புடைத்திருந்தன. நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு சந்தில் குனிந்தபோது, ஸ்டூல் போடப்போகிறார்களா என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"நல்லதுங்க சார். முன்னாடி இங்க கீழ டிராயர் இருந்துச்சு. அதுல செத்த நேரம் உக்காந்து எந்திரிப்போம். யாரோ இன்ஜினியர் வந்து கதவு போட்டுட்டாராம்."

அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. அளவைக் குறித்துக்கொண்டேன். அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

அதற்குப் பிறகாவது ஒழுங்காகச் செய்தேனா என்றால், அதுவும் இல்லை. கவுன்டரைப் பிரிக்க வேண்டும், முழங்கால் இடம் திறக்க வேண்டும், ரேக்கைப் பின்னுக்குத் தள்ளிச் சந்தை அகலமாக்க வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், முதலில் ஏன் இப்படி வரைந்தீர்கள் என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்து மடக்கு ஸ்டூல் வாங்கச் சொன்னேன். தலைக்கு ஒன்று. படத்தில் ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னாலும் ஸ்டூல் போட்டு வரைந்துகொடுத்தேன். அந்தச் சந்தில் ஸ்டூலை விரித்தால் இன்னொரு பெண் கடந்துபோக முடியாது என்பதும், முழங்காலை வைக்க எதிரில் இடமில்லாததால் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். சட்டத்துக்குத் தேவையான காகிதம் தயாரானது. ஸ்டூல்கள் மாடிப்படிக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கின்றன.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், என் அலுவலகத்தில் முதல் படத்தை வரைந்த அந்தப் பெண். அவள் எங்களை விட்டுப் போய்த் தனியாகத் தொழில் செய்கிறாள். ஒரு கல்லூரிக் கூட்டத்தில் நான் வழக்கம்போல அந்தச் சுவரைப் பற்றிப் பேசி, முதலாளி இருக்கைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்ற பொய்யையும் சொல்லி முடித்தேன். அவள் பின்வரிசையில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். "சார், அந்த ஷீட் முதலாளிகிட்ட போகவே இல்லையே சார்" என்றாள். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் தலையாட்டினேன்.

அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். டிராயர் விஷயத்தில் பெண்கள் மேல் தப்பில்லை, என் வடிவமைப்பில்தான் தப்பு, பிடித்தம் செய்த பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அந்தத் தொகையை நான் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவள் வரைந்த பழைய படத்தையும் அவள் பெயரோடு இணைத்தேன். கவுன்டரை மாற்றும் வேலைக்கு வடிவமைப்புக் கட்டணம் வேண்டாம் என்றேன். ஒரு தளத்தில் மாற்றிப் பார்க்கலாம், சீசன் முடியட்டும் என்று பதில் வந்திருக்கிறது. வேலை இன்னும் தொடங்கவில்லை. அந்தக் கடைக்காக வாங்கிய விருதை என் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன், ஆனால் அதனால் யாருடைய காலும் ஓயப்போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

என் தொழிலில் இருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கடைக்குப் படம் வரையும்போது விற்கிறவர் உட்காரும் இடத்தை முதலில் வரையுங்கள். முழங்காலுக்கு ஓரடி ஆழம் விடுங்கள். சந்து மூன்றடிக்குக் குறைய வேண்டாம். இருக்கையை மரவேலையோடு சேர்த்துப் பொருத்துங்கள். தனி ஸ்டூலாகக் கொடுத்தால் அது ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். அதைக் காட்டாமல் முதலாளியிடம் படத்தைக் கொடுக்காதீர்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதானால், அவர் வாயாலேயே சொல்லட்டும்.

உங்களிடமும் கேட்கிறேன். அடுத்த முறை சேலை எடுக்கப் போகும்போது, உங்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள், உட்காருங்கள். உட்கார்ந்தபின் கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். எடுத்துப்போடும் பெண்ணுக்கு இருக்கை இல்லையென்றால் மேனேஜரைக் கூப்பிட்டு ஏன் இல்லை என்று கேளுங்கள். சண்டை போட வேண்டாம், கேட்டால் போதும். சட்டம் 2021லிருந்து அமலில் இருக்கிறது, பிரிவு 22-ஏ. ஆய்வாளர் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. நீங்கள் தினமும் போகிறீர்கள்.